14 வருட அனுபவத்தோடு வேலை தேடும்போது சர்டிஃபிகேட் எங்கே உதவும், எங்கே உதவாது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு ஐடியில் 14 வருட அனுபவம். சென்னையில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் முதல் எட்டு ஒன்பது வருடம் ஜாவா டெவலப்பர், அப்புறம் ஒரு அமெரிக்கக் காப்பீட்டு கிளையண்டுக்கு ப்ரொடக்ஷன் சப்போர்ட் (நிஜப் பயன்பாட்டில் ஓடும் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை) லீட். ப்ராஜெக்ட் முடிந்ததும் வேலை எதுவும் கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பிறகு ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதமாக டெக்னிக்கல் வேலை தேடுகிறார். நண்பர் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட், அதாவது வாடகை சர்வர் சேவை) சான்று எடு என்கிறார், மைத்துனர் பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்று) எடு என்கிறார், ஒரு இன்ஸ்டிட்யூட் டெவ்ஆப்ஸ் (மென்பொருள் எழுதுவதையும் ஓட்டுவதையும் இணைக்கும் துறை) கோர்ஸுக்கு 75,000 ரூபாய் கேட்கிறது. "இந்த வயதில் சர்டிஃபிகேட் எடுத்தால் வேலை கிடைக்குமா, இல்லை பணமும் நேரமும் வீணா?" என்று முடித்திருக்கிறார்.

கையில் மிச்சமிருக்கும் சேமிப்பையும் தினமும் கிடைக்கும் சில மணி நேரத்தையும் எதில் போட்டால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அதனால் "படிப்பு என்றைக்கும் வீண் போகாது" என்ற மாதிரி பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல வருடமாக பேக்எண்ட் (சர்வர் பக்கம் ஓடும் கோடு), கிளவுட், இன்ஃப்ரா (சர்வர், நெட்வொர்க்) வேலைகளுக்கு ஆள் எடுக்கும் டெக்னிக்கல் பேனலில் இருக்கிறேன். முதலில் ஒரு சர்வீஸ் கம்பெனி, இப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சென்னையில் நடத்தும் சொந்த மையம், ஜிசிசி என்று சொல்கிறார்களே அது. இந்த இரண்டு இடத்திலும் ரெஸ்யூமே எப்படி உள்ளே வருகிறது, எங்கே நிற்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எஸ்ஏபி, சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற வணிக மென்பொருள் பக்கம் நான் ஆள் எடுத்ததில்லை. அதைப் பற்றிச் சொல்லும்போது அந்தத் துறை நண்பர்கள் சொன்னதை வைத்துத்தான் சொல்வேன்.

சர்டிஃபிகேட் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால், வேலை தேடும் பாதையில் நீங்கள் எந்த இடத்தில் கழன்று போகிறீர்கள் என்று பாருங்கள். போனே வரவில்லையா? போன் வந்து, முதல் டெக்னிக்கல் ரவுண்டில் நிற்கிறதா? இல்லை எல்லா ரவுண்டும் முடிந்து, சம்பளம் பேசும்போது ஹெச்ஆர் மௌனமாகிவிடுகிறாரா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாவது இடத்தில் நிற்பவருக்கு எந்தச் சர்டிஃபிகேட்டும் உதவாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவது இடத்தில் நிற்பவருக்கு, சர்டிஃபிகேட்டுக்காகப் படிக்கும் படிப்பு உதவலாம், கையில் கிடைக்கும் பேப்பர் உதவாது. முதல் இடத்தில் நிற்பவருக்கு, சில துறைகளில் மட்டும் பேப்பரே உதவும்.

முதல் இடத்தை எடுத்துக்கொள்வோம். ரெக்ரூட்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் தேடுவதைப் பார்த்தால் பல விஷயம் தெளிவாகும். "ஜாவா", "ஸ்பிரிங் பூட்" (ஜாவாவில் அப்ளிகேஷன் எழுத உதவும் கருவி), "ஏடபிள்யூஎஸ்" என்று மூன்று வார்த்தை. அனுபவம் 10 முதல் 14 வருடம். ஊர் சென்னை. நோட்டீஸ் பீரியட் 15 நாள் அல்லது உடனடியாகச் சேரக்கூடியவர். சம்பளத்துக்கு ஒரு மேல் வரம்பு. அப்புறம், சமீபத்தில் தளத்துக்குள் வந்தவர்கள் மட்டும் என்று இன்னொரு வடிகட்டி. இவ்வளவு போட்ட பிறகும் நூற்றுக்கணக்கில் பெயர்கள் வந்து நிற்கும். ஒவ்வொரு ரெஸ்யூமேவிலும் அவர் கண் நிற்பது சில நொடிதான், அதுவும் தலைப்பிலும் கடைசி ப்ராஜெக்ட்டிலும். இந்தத் தேடலில் "சர்டிஃபைடு" என்ற வார்த்தையை நான் பார்த்தவரையில் அரிதாகத்தான் தட்டுகிறார்கள், ஹையரிங் மேனேஜரோ கிளையண்டோ தனியாகக் கேட்டிருந்தால் மட்டும். "ஏடபிள்யூஎஸ்" என்ற வார்த்தை உங்கள் ப்ராஜெக்ட் விவரத்துக்குள் எங்கேயும் இல்லாமல், அடியில் சர்டிஃபிகேட் பட்டியலில் மட்டும் இருந்தால், தேடலில் உங்கள் பெயர் வரும், ஆனால் ரெக்ரூட்டர் கண் ஓட்டும்போது உங்களைத் தள்ளிவிடுவார்.

கேட்டவருக்கு இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இப்போது வேலையில் இல்லாததால் நாளைக்கே சேர முடியும். 90 நாள் நோட்டீஸ் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் அது பெரிய அனுகூலம். ப்ரொஃபைல் தலைப்பில் அதைத் தெளிவாகப் போடுங்கள். நான்கு மாத இடைவெளி தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டுப் பலர் இதை மறைக்கிறார்கள். மறைத்தால் இடைவெளி எப்படியும் தெரியும், அனுகூலம் மட்டும் போய்விடும்.

சரி, பேப்பருக்காகவே ஆளைத் தேடும் இடங்கள் எவை? மூன்று வகை எனக்கு உறுதியாகத் தெரியும். முதலாவது, பார்ட்னர் கம்பெனிகள். அமேசான், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, ரெட் ஹேட் எல்லாமே தங்கள் பொருளை விற்றுக் கட்டிக்கொடுக்கும் கம்பெனிகளுக்குப் படிநிலை வைத்திருக்கின்றன. அந்தப் படியில் ஏற, சான்று பெற்ற ஆட்கள் இத்தனை பேர் வேண்டும் என்று கணக்கு உண்டு. சிஸ்கோ பல வருடம், கோல்டு பார்ட்னராக இருக்க சிசிஐஇ என்ற உயர்நிலை நெட்வொர்க் சான்று பெற்ற நான்கு ஆட்கள் கம்பெனியில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. நான்கில் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்த நேரத்தில் சிசிஐஇ சான்று எண் கையில் இருப்பவருக்கு இன்டர்வியூ வெறும் சம்பிரதாயம். இன்றைக்கு ஏடபிள்யூஎஸ்-இல் அட்வான்ஸ்டு, பிரீமியர் என்ற படிகளில் நிற்கும் நடுத்தரக் கம்பெனிகளுக்கும் இதே தலை எண்ணிக்கைக் கவலை இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் அப்படிப்பட்ட பார்ட்னரா என்று அவர்கள் வெப்சைட்டைப் பார்த்தாலே தெரியும், பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஜிசிசிக்களுக்கும் ப்ராடக்ட் கம்பெனிகளுக்கும் இந்தக் கவலை பெரும்பாலும் கிடையாது. அதனால் ஒரே சர்டிஃபிகேட், ஓஎம்ஆர் ரோட்டில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கட்டடத்தில் இரண்டு விதமாக எடை போடப்படும்.

இரண்டாவது, டெண்டர். நம் நாட்டு அரசுத் துறை டெண்டர்களைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ப்ராஜெக்ட் மேனேஜரின் தகுதிக்குத் தனி மதிப்பெண் வைத்திருப்பார்கள். பிஎம்பி அல்லது அதே மாதிரியான பிரின்ஸ்2 சான்று இருந்தால் இத்தனை மார்க் என்று பல டெண்டர்களில் எழுதியே இருக்கும். டெண்டர் போடும் கம்பெனி அந்த மார்க்குக்காக ஆளைத் தேடும். மைத்துனர் சொல்லும் பிஎம்பிக்கு உயிர் இருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அரசு ப்ராஜெக்ட் எடுக்கும் கம்பெனிகளிலும் வளைகுடா நாட்டு வேலைகளிலும் அதற்கு மதிப்பு இருக்கிறது. சாதாரண டெலிவரி மேனேஜர் வேலைக்கு அதைக் கேட்டு நிராகரித்ததை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, சட்டமும் ஒழுங்குமுறையும் கேட்கும் இடம். செக்யூரிட்டியும் ஆடிட்டும் இதில் வரும். பணப் பரிவர்த்தனை நடத்தும் நிறுவனங்களின் சிஸ்டம் ஆடிட்டை இசாகா என்ற சர்வதேச அமைப்பின் சிசா சான்று பெற்றவரோ, பட்டயக் கணக்காளர் சங்கத்தின் டிசா தகுதி பெற்றவரோ செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைகளிலேயே வந்திருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-இல் 8570 என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்து, அவர்கள் சிஸ்டத்தின் பாதுகாப்பைக் கையாளும் வேலைகளுக்கு செக்யூரிட்டி பிளஸ், சிஐஎஸ்எஸ்பி போன்ற செக்யூரிட்டி சான்றுகளைக் கட்டாயமாக்கியது. பிறகு அதன் இடத்தில் 8140 என்ற விதித்தொகுப்பு வந்தது. சான்றைக் கட்டாயமாக்கும் இடங்களில் 20 வருட அனுபவம் இருந்தாலும் பேப்பர் இல்லையென்றால் உள்ளே விட முடியாது, ஹையரிங் மேனேஜர் ஆசைப்பட்டாலும் முடியாது.

இந்த மூன்றுக்கும் வெளியே, சர்டிஃபிகேட் என்பது இருந்தால் நல்லது என்ற அளவில்தான். ஆனால் அனுபவசாலிகள் கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் இருக்கிறது. எல்லாப் பரீட்சையும் ஒரே ஜாதி இல்லை. சில சர்டிஃபிகேட் அனுபவத்தையே நிபந்தனையாக வைத்திருக்கிறது. சிஐஎஸ்எஸ்பி-க்கு செக்யூரிட்டியின் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் மொத்தம் ஐந்து வருட அனுபவம் காட்ட வேண்டும். பரீட்சை பாஸான பிறகும், அதை நடத்தும் அமைப்பின் சான்று வைத்திருக்கும் ஒருவரோ அந்த அமைப்போ உங்கள் அனுபவத்தை உறுதி செய்ய வேண்டும். அனுபவம் இல்லாமல் பாஸானவருக்கு அசோசியேட் என்ற பெயர்தான் கிடைக்கும். பிஎம்பி-க்கு பட்டதாரியாக இருந்தால் 36 மாதம் ப்ராஜெக்ட்டை நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். வேறு சில பரீட்சைகளில் கேள்விக்கு விடையை டிக் அடிப்பதே இல்லை. பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டும் குபர்னெட்டிஸ் மென்பொருளுக்கான சிகேஏ-வில் இரண்டு மணி நேரம் நிஜ கிளஸ்டரில் (சர்வர் கூட்டத்தில்) கமாண்ட் அடித்துக் காட்ட வேண்டும். ரெட் ஹேட்டின் லினக்ஸ் சான்றான ஆர்ஹெச்சிஇ-யும் அப்படியே. சிசிஐஇ 1993-இல் தொடங்கியது, லேப் பரீட்சை எட்டு மணி நேரம். ஹேக்கிங் திறமையைச் சோதிக்கும் ஓஎஸ்சிபி-யில் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் நிஜமாக மெஷின்களின் பாதுகாப்பை உடைத்து நுழைய வேண்டும், அதற்கு அப்புறம் ரிப்போர்ட் எழுத வேண்டும். இந்தப் பெயர்களில் ஒன்று ரெஸ்யூமேவில் இருந்தால் பேனலில் இருக்கும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சைகளின் பிரச்சினை, டம்ப்ஸ். பழைய கேள்விகளைத் திரட்டி விற்கும் சந்தை பெரிதாக இருக்கிறது, வாட்ஸ்அப்பிலேயே பிடிஎஃப் சுற்றுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-இல் வேலைச் சந்தையில் சமிக்ஞை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார், 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: திறமை இல்லாதவருக்கு வாங்கக் கஷ்டமாக இருந்தால்தான் ஒரு பட்டமோ சான்றோ திறமையைக் காட்டும். பத்து நாள் டம்ப்ஸ் உருப்போட்டு எல்லோரும் வாங்கிவிட முடிகிறது என்றால், அதைப் பார்க்கும் கம்பெனிக்கு அது எதையும் சொல்வதில்லை. 2000-களில் ஜாவா வேலை தேடியவர்களுக்கு எஸ்சிஜேபி என்ற ஜாவா சான்று நினைவிருக்கும். ஆரம்பத்தில் அதற்கு மரியாதை இருந்தது. எல்லோரும் எடுத்தார்கள், 90-க்கு மேல் மார்க்கும் வாங்கினார்கள், அப்புறம் ரெஸ்யூமேவில் யாரும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். டம்ப்ஸ் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். பிடிபட்டால் சான்றை ரத்து செய்யும் உரிமை பரீட்சை நடத்துபவர்களுக்கு உண்டு. பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் அது தெரிந்துவிடும்.

எப்படித் தெரியும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கிளவுட் வேலைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பிரைவேட் சப்நெட்டில் (வெளியிலிருந்து நேராக எட்ட முடியாத நெட்வொர்க் பகுதியில்) இருக்கும் சர்வர்கள் தினமும் ராத்திரி எஸ்3-க்கு (ஏடபிள்யூஎஸ்-இன் கோப்புச் சேமிப்புக்கு) பேக்கப் அனுப்புகின்றன, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்தால் நாட் கேட்வேக்கான (அந்த சர்வர்கள் வெளியே போகும் வழிக்கான) தொகை மட்டும் தாறுமாறாக ஏறியிருக்கிறது, ஏன், என்ன செய்வீர்கள்? இரண்டு ஏடபிள்யூஎஸ் சான்று வைத்திருந்த ஒருவர் நாட் கேட்வே என்றால் என்ன என்று அழகாக விளக்கினார், பப்ளிக் சப்நெட்டில் வைக்க வேண்டும் என்றார், அதற்கு மேல் நகரவில்லை. இன்னொருவர், எந்தச் சான்றும் இல்லாத சப்போர்ட் ஆள், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "எங்களுக்கும் இது வந்தது சார். ஃபைனான்ஸ் டீம் மெயில் போட்ட பிறகுதான் கவனித்தோம். பேக்கப் முழுக்க நாட் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. நெட்வொர்க் போக்குவரத்தைப் பதியும் ஃப்ளோ லாக்கில் பார்த்து உறுதி செய்துகொண்டு, எஸ்3-க்கு நேர்வழியாக கேட்வே எண்ட்பாயிண்ட் போட்டு ரூட் டேபிளில் சேர்த்தோம். அந்த எண்ட்பாயிண்ட்டுக்குக் கட்டணம் கிடையாது." எங்கள் பேனலில் இருந்த மூன்று பேருக்குமே முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்ட்பாயிண்ட் விஷயம் ஏடபிள்யூஎஸ்-இன் இடைநிலைச் சான்றான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பாடத்திட்டத்திலேயே வருகிறது. ஒழுங்காகப் படித்து, ஒரு அக்கவுண்ட் திறந்து கையால் செய்து பார்த்திருந்தால் முதலாமவரும் சொல்லியிருப்பார். அதனால்தான் சர்டிஃபிகேட்டே வீண் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. வருடக்கணக்கில் ஒரே கிளையண்டின் ஒரே சிஸ்டத்தைப் பார்த்தவருக்கு, வெளியில் உலகம் எங்கே போயிருக்கிறது என்பதை வரிசையாகத் தெரிந்துகொள்ள ஒரு பாடத்திட்டம் நல்ல துணை. பரீட்சைத் தேதி குறித்துவிட்டால் ஒழுங்காகப் படிக்கவும் வைக்கும். வேலை இல்லாத வீட்டில் பகல் எப்படிக் கரைகிறது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பயனும் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. "இந்த நான்கு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று ஹெச்ஆர் கேட்பார். அந்த மாதங்களுக்குள் தேதியிட்ட ஒரு சான்று அந்தக் கேள்வியை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். குழந்தை வளர்ப்புக்காக மூன்று நான்கு வருடம் விலகியிருந்து திரும்பும் பெண்களுக்கு இது இன்னும் அதிகமாக உதவுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பழைய அனுபவத்தை யாரும் சந்தேகிப்பதில்லை, புதியது தெரியுமா என்பதில்தான் தயங்குகிறார்கள். சமீபத்திய தேதியோடு ஒரு பேப்பர் இருந்தால் அந்தத் தயக்கம் பாதி குறைகிறது.

துறை மாறுபவர்களுக்கும் இதே கதைதான். டெஸ்டிங்கில் இருந்து செக்யூரிட்டிக்கு, நெட்வொர்க்கில் இருந்து கிளவுடுக்குப் போக நினைப்பவர் தன் பழைய பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. எஸ்ஏபி, சேல்ஸ்ஃபோர்ஸ் பக்கத்து நண்பர்கள், அங்கே சான்றுக்கு மதிப்பு கூடுதல் என்கிறார்கள். முக்கியமாக எஸ்ஏபி-யில் பழைய பதிப்பான ஈசிசி-க்கான வழக்கமான (மெயின்ஸ்ட்ரீம்) சப்போர்ட் 2027 கடைசியோடு முடிவதால், புதிய பதிப்பான எஸ்4ஹானா தெரியும் என்று காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கிறதாம்.

சம்பளம் கூடுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். "இந்தச் சான்று வைத்திருப்பவர்கள் இத்தனை சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள்" என்ற பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. பலவற்றை வெளியிடுவது பயிற்சியோ பரீட்சையோ விற்பவர்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். சான்று எடுக்க மெனக்கெடும் ஆள், எடுக்காவிட்டாலும் வேலை மாறி, பேரம் பேசி, முன்னேறியிருக்கக்கூடிய ஆள்தான். சம்பளம் கூடியது பேப்பராலா, ஆளின் சுபாவத்தாலா என்று அந்தப் பட்டியல்களை வைத்துப் பிரிக்க முடியாது. நான் பேனலில் பார்த்தவரையில் சம்பளத்தைத் தீர்மானித்தது முந்தைய சம்பளமும் கையில் இருந்த வேறு ஆஃபரும்தான்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 14 வருடத்தில் வேலை தேடுபவர்களின் பெரிய தடை பெரும்பாலும் திறமைக் குறைவு இல்லை. சர்வீஸ் கம்பெனிகள் ஒரு டீமில் மேலே ஒருவர், நடுவில் சிலர், கீழே நிறைய இளைஞர்கள் என்று வைத்தால்தான் கிளையண்ட் கொடுக்கும் ரேட்டில் லாபம் பார்க்க முடியும். மேலே இருக்கும் அந்த ஒரு இடத்துக்குப் பெரும்பாலும் உள்ளேயே ஆள் இருக்கும். வெளியில் இருந்து எடுப்பது குறைவு, எடுத்தாலும் தெரிந்தவர் மூலம்தான் எடுப்பார்கள். "சப்போர்ட்" என்ற முத்திரை, வயது, முந்தைய சம்பளம் மூன்றும் சேர்ந்துதான் உங்களைத் தடுக்கிறது. இதை எந்தப் பரீட்சையாலும் மாற்ற முடியாது. பழைய டீம் ஆட்களில் இப்போது வேறு கம்பெனிகளில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு, ரெஃபரல் கேட்பதற்கு ஒதுக்கும் ஒரு மணி நேரம், படிப்புக்கு ஒதுக்கும் மூன்று மணி நேரத்தைவிட அதிகம் தரும். கூச்சமாக இருக்கும், தெரியும். கேட்கப்படுகிறவர்களுக்கு ரெஃபரல் போனஸும் கிடைக்கும், தயங்காதீர்கள்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பரீட்சைக்கு 150 டாலர், வரி சேர்த்து 15,000 ரூபாய்க்கு மேல். 65 கேள்வி, 130 நிமிடம், 1000-க்கு 720 எடுத்தால் பாஸ். மூன்று வருடம் செல்லும். பாஸானால் அடுத்த பரீட்சைக்குப் பாதிக் கட்டணத் தள்ளுபடி கிடைக்கும். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூர் சான்றுகளில் அடிப்படை நிலைக்கு மேலே உள்ளவை ஒரு வருடம்தான் செல்லும், ஆனால் வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். சிகேஏ முன்பு மூன்று வருடம் சென்றது, 2024 ஏப்ரலில் இருந்து இரண்டு வருடம். பிஎம்பி-யைத் தக்கவைக்க மூன்று வருடத்துக்குள் 60 பிடியூ (தொடர்கல்விப் புள்ளிகள்) சேர்க்க வேண்டும். ஆக, ஒரு தடவை வாங்கி மாட்டி வைக்கும் பொருள் இல்லை இது. மைக்ரோசாஃப்ட்டின் பழைய எம்சிஎஸ்இ சான்று வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், 2021 ஜனவரி கடைசியோடு மைக்ரோசாஃப்ட் அந்த வரிசையையே மூடிவிட்டது.

இப்போது கேட்டவரின் விஷயத்துக்கே வருகிறேன். உங்களுக்கு ஜாவா தெரியும், ஐந்து வருடம் ப்ரொடக்ஷனில் நெருப்பு அணைத்திருக்கிறீர்கள். போன் வராமல் இருந்தால், இதைச் "சப்போர்ட் லீட்" என்று ரெஸ்யூமேவில் எழுதுவதுதான் காரணம் என்பது என் ஊகம். எஸ்ஆர்இ (சிஸ்டம் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர்), ப்ரொடக்ஷன் இன்ஜினியர், ப்ளாட்ஃபார்ம் சப்போர்ட் என்ற பெயர்களில் வரும் வேலைகளுக்கு உங்கள் அனுபவம் நேராகப் பொருந்தும். முதல் வாரம் படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்கள் சமாளித்த பெரிய பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். என்ன உடைந்தது, எத்தனை மணிக்குத் தெரிந்தது, எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், திரும்ப வராமல் இருக்க எதை மாற்றினீர்கள். பழைய கிளையண்ட்டின் பெயரும் ரகசியமும் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேவின் முதல் அரைப்பக்கம் இதில் இருந்துதான் வர வேண்டும், இன்டர்வியூவில் பேசப் போவதும் இதைத்தான்.

அப்புறம் ஏடபிள்யூஎஸ் அசோசியேட் பரீட்சைக்கு எட்டு வாரம் தள்ளித் தேதி வாங்குங்கள். அதற்குக் கீழே இருக்கும் கிளவுட் ப்ராக்டிஷனர் உங்களுக்கு வேண்டாம். விற்பனை ஆட்களும் புதிதாக வருபவர்களும் எடுக்கும் சான்று அது. 14 வருட ரெஸ்யூமேவின் தலையில் அதைப் பார்த்தால், இவர் இப்போதுதான் ஆரம்பிக்கிறாரோ என்று தோன்றுகிறது. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஸ்பிரிங் பூட்டில் ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதி, டெராஃபார்ம் (சர்வர் அமைப்பைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) மூலம் ஏடபிள்யூஎஸ்-இல் ஏற்றுங்கள். டேட்டாபேஸை அதன் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்-இல் வையுங்கள், கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் அலாரம் போடுங்கள், வேண்டுமென்றே எதையாவது உடைத்து அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். முதல் வேலையாக பட்ஜெட் அலர்ட் போட்டுவிடுங்கள், ராத்திரி தூங்கப் போகும் முன் எல்லாவற்றையும் டெஸ்ட்ராய் கமாண்டால் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் பில் வந்து நிற்கும். கோடு, கிட்ஹப் என்ற கோடு பகிரும் தளத்தில் இருக்கட்டும். பரீட்சை முடியும் வரை விண்ணப்பிப்பதை நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் கூடவே நடக்கட்டும். "தேதி வாங்கியிருக்கிறேன், இதுவரை இதைச் செய்து பார்த்திருக்கிறேன்" என்று இன்டர்வியூவில் சொன்னால் அதுவே போதுமான பதில்.

பிஎம்பி இப்போது வேண்டாம். டெக்னிக்கல் வேலை வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரசு ப்ராஜெக்ட் பக்கமோ வளைகுடாப் பக்கமோ போவதாக முடிவெடுத்தால் அப்போது யோசிக்கலாம். 75,000 ரூபாய் கோர்ஸும் வேண்டாம் என்றே சொல்வேன். அதே பாடம் ஏடபிள்யூஎஸ்-இன் சொந்தப் பயிற்சித் தளத்தில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல வீடியோ கோர்ஸ்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. "100 சதவீதம் வேலை உத்தரவாதம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். "டெவ்ஆப்ஸில் ஐந்து வருட அனுபவம் காட்டிக் கொடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் படியை விட்டு உடனே இறங்கிவிடுங்கள். பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் இன்றைக்குப் பிஎஃப்பின் யூஏஎன் நம்பரை வைத்து, எந்தக் கம்பெனியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்று பார்க்கிறார்கள். 14 வருட நேர்மையான அனுபவத்தை ஒரு போலிக் கடிதத்துக்காக இழக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியில், போனே வரவில்லையா அல்லது முதல் ரவுண்டோடு நிற்கிறதா என்பது மட்டும் தெளிவாக இல்லை. அதை எழுதுங்கள். முடிந்தால் பெயர், போன் நம்பர், கிளையண்ட் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரெஸ்யூமேவின் முதல் அரைப்பக்கத்தையும் இங்கே போடுங்கள். எந்த வரியை மாற்றலாம், எந்த வேலைகளுக்கு அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.